சைக்கிள்காரருக்கும் டிம் பண்ணுங்கள்

கொழும்பில் இரவில் வாகனம் ஓட்டுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். எதிரில் கார் வந்தால், தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமை டிம் பண்ணி வெளிச்சத்தைத் தாழ்த்துவார்கள். பஸ்ஸோ லொறியோ வந்தால் கட்டாயம் பண்ணுவார்கள். சைக்கிள் வந்தால் மட்டும் பண்ணமாட்டார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். எதிரில் ஒரு ஆள் வருகிறார் என்பதே அவர்களுடைய கணக்கில் ஏறுவதில்லை. வீதி காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முழு வெளிச்சத்தையும் அந்த மனிதரின் முகத்தில் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

காருக்கு மட்டும் ஏன் டிம் பண்ணுகிறோம்? பண்ணாவிட்டால் எதிரில் வருகிறவர் உடனே தன் லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவார். அதற்கும் கேட்காவிட்டால் அவரும் ஹை பீமைப் போடுவார், எங்கள் கண்ணும் கூசும். திருப்பி அடிக்க இரண்டு பேரிடமும் லைட் இருப்பதால்தான் அந்த ஒழுங்கு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம். சைக்கிளில் வருகிறவரிடம் என்ன இருக்கிறது? இருந்தால் ஒரு சின்ன டைனமோ லைட், இல்லாவிட்டால் ஹேண்டிலில் கட்டிய டோர்ச். "கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்க அவருக்கு வழியே இல்லை. கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தால், மற்றக் கையால் மட்டும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். அதனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாங்களாகவே செய்யவேண்டியது இது.

அந்த வெளிச்சம் கண்ணுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். அப்படிப் பழகிய கண்ணில் பலமான வெளிச்சம் விழுந்தால் ஒரு நொடியில் எல்லாம் கலைந்துவிடும். வாகனம் கடந்து போன பிறகும் சில செக்கன்களுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. வயது கூடக்கூட அந்த நேரமும் கூடும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மெதுவாக மிதிக்கிறவர்கூட ஒரு செக்கனில் நாலு மீற்றர் போகிறார். மூன்று செக்கன் கண் தெரியவில்லை என்றால், 12 மீற்றர் தூரம் குருட்டுப் பயணம். அதுவும் எங்கே? வீதியின் இடது ஓரத்தில். எங்கள் ஊர் வீதிகளின் ஓரம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. உடைந்த கான் மூடி, தாரும் மண்ணும் சேரும் இடத்தில் ஒரு படி இறக்கம், மழைத் தண்ணீர் தேங்கி மூடிய குழி. வீதியில் இருக்கும் மோசமான பகுதி முழுவதும் சைக்கிள்காரருக்கு ஒதுக்கப்பட்ட பகுதிதான்.

எங்கள் ஒழுங்கையிலுள்ள அடுக்குமாடி ஒன்றில் இரவுக் காவலுக்கு வரும் ஐயா ஒருவர் கிருலப்பனைக் கால்வாய்ப் பக்கமிருந்து சைக்கிளில்தான் வருகிறார். அறுபதைத் தாண்டியவர். ஒரு நாள் பேச்சு வாக்கில் சொன்னார், "ஹெட் லைட் அடிச்சிக்கிட்டு வந்தாங்கன்னா நான் இறங்கி ஓரமா நின்னுடுவேன் தம்பி. அது போன பிறகுதான் ஏறுறது." அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிப்பதைப் போல சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு காருக்கும் இறங்கி இறங்கி ஏறித்தான் அந்த மனிதர் வேலைக்கு வரவேண்டுமா?

அந்த நேரங்களில் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் அவரைப் போன்றவர்கள். விடியுமுன் பேப்பர் போடுகிறவர்கள், சாப்பாட்டுக் கடை மூடியபின் பாத்திரம் கழுவிவிட்டு வீடு திரும்பும் பையன்கள், முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள். கடலோர மரைன் டிரைவில் காலையில் ஹெல்மெட் போட்டு உடற்பயிற்சிக்குச் சைக்கிள் ஓடுகிறவர்களுக்காவது நல்ல லைட்டும் மினுங்கும் உடுப்பும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

எதிரில் வருவதைவிட ஆபத்தானது, எதிர்த் திசையில் ஓவர்டேக் பண்ணுவது. ஒடுங்கிய வீதியில் ஒரு வேன் முன்னால் போகும் ஓட்டோவை முந்தும்போது, எதிர்ப் பக்கத்தில் கார் வந்தால் காத்திருக்கும். சைக்கிள் வந்தால் லைட்டை அடித்துக்கொண்டு நேராக வரும். எங்கள் ஊரில் லைட் அடிப்பதற்கு "நான் வருகிறேன், நீ ஒதுங்கு" என்றுதான் அர்த்தமாகிவிட்டது. ஒதுங்க இடமில்லாத ஒருவரிடம் அதைச் சொல்வது அநியாயம். பிரித்தானியாவின் வீதி விதிக்கோவையில் 114ஆவது விதி, மற்றவர்களின் கண் கூசும்படி லைட் போடக்கூடாது என்று சொல்லும்போது, பாதசாரி, சைக்கிள்காரர், குதிரையில் போகிறவர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இவர்களைச் சாரதிகள் மறந்துவிடுவது எங்கள் ஊரில் மட்டும் இல்லைப்போல.

சரி, பின்னால் வரும்போது? முகத்தில் அடிக்காததால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பின்னாலிருந்து வரும் ஹை பீம் சைக்கிள்காரரின் நிழலையே நீட்டி அவருக்கு முன்னால் போடுகிறது. கார் சற்று வலப்பக்கமாக வருவதால் அந்த நிழல் இடது ஓரத்தில், குழி இருக்கும் இடத்திலேயே போய் விழும். சுற்றிவர எல்லாம் பளிச்சென்று தெரியும். அவருடைய டயர் போகப்போகும் இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். குழியைக் கடைசி நேரத்தில் கண்டு அவர் வலப்பக்கம் வெட்டினால், வருவது உங்கள் கார். ஆகவே பின்னாலும் டிம்தான். டிம்மில் தூரம் குறைவாகத்தான் தெரியும், அதற்கேற்ப வேகத்தையும் குறைக்கவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர் போகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

2022ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? பெற்றோல் இல்லை, பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, வீதி விளக்குகளையும் அணைத்தார்கள். அந்த மாதங்களில் இந்த நகரத்தில் எத்தனை பேர் சைக்கிளுக்கு மாறினார்கள்! வங்கி ஊழியர்கள்கூட டை கட்டிக்கொண்டு, காலி நகருக்குப் போகும் பெரிய வீதியில் மிதித்தார்கள். எதிரில் வந்த லைட்டுக்கு அன்று திட்டியவர்கள் இன்று திரும்பவும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை நான் விளக்கவே தேவையில்லை.

சைக்கிள்காரர்களுக்கும் ஒரு சொல். பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்லெக்டராவது வேண்டும், கட்டாயம். டோர்ச்சைக் கட்டினால் தரையைப் பார்க்கும்படி கட்டுங்கள். பலமான லைட்டை மினுக்கவிட்டால் எதிரில் வருகிறவருக்கு உங்கள் தூரமே பிடிபடாது.

இன்னுமொன்று இருக்கிறது. இப்போது பலர் பழைய ஹலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு மலிவான எல்ஈடி பல்பைச் செருகுகிறார்கள். ஹை பீமுக்கும் டிம்முக்கும் தனித்தனி இழை உள்ள ஹலோஜன் எச்4 பல்புக்குள், டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே தெறிக்காமல் தடுப்பது அதுதான். லைட்டின் உட்பக்கக் கண்ணாடி வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. அதே இடத்தில் ஒளி பிறக்காத எல்ஈடியைப் போட்டால், டிம் பண்ணினாலும் டிம் ஆகாது. பண்ணிவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், எதிரில் வருகிறவரின் கண் கூசிக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்க கராஜுக்குப் போகவேண்டியதில்லை. இரவில் சமதரையில் ஒரு சுவருக்கு முன்னால் சில மீற்றர் தள்ளி வாகனத்தை நிறுத்தி டிம்மைப் போடுங்கள். சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் தெளிவான கோடு ஒன்று விழவேண்டும். அது லைட்டின் உயரத்தைவிடச் சற்றுத் தாழ்வாக, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறி இருக்கவேண்டும். கோடு உயரமாக விழுந்தால் லைட்டின் மட்டத்தைச் சரிபண்ணலாம். கோடே இல்லாமல் சுவர் முழுக்க வெளிச்சம் பரவினால், அந்த பல்பைக் கழற்றிவிட்டுப் பழையதையே போடுங்கள்.