டேட்டா சயின்ஸுக்கு ரெண்டு லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் இன்பாக்ஸில் ஒரே கேள்வி: "பொண்ணை ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்ல சேர்க்கலாமா சார்?" ஐடியில் ஏற்கெனவே இருப்பவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்: "சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன்ணா, இதுக்கு மாற ரெண்டு லட்சம் கட்டி கோர்ஸ் சேரலாமா?"

இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். முதலில் எஸ்க்யூஎல் (SQL) படிங்க, டேட்டாபேஸிடம் வேண்டியதைக் கேட்டு வாங்கும் மொழி அது. டேட்டா சயின்டிஸ்ட் என்கிற பட்டம் அப்புறம் வரட்டும்.

2012-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இந்த வேலையை இந்த நூற்றாண்டிலேயே கவர்ச்சியான வேலை என்று எழுதியது. அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. மாடல், அதாவது பழைய டேட்டாவிலிருந்து கற்றுக் கணிக்கும் புரோகிராம், அதைக் கட்டுவது இந்தத் துறையில் சின்னப் பங்கு. மாடலுக்குப் போகும் டேட்டாவை நம்பும்படி ஆக்குவதுதான் பெரும்பாடு. நம்மூர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பிரமணியன் மூன்றும் ஒரே ஆளா, மூன்று பேரா? ஆதாரில் ஒன்று, பேங்க் பாஸ்புக்கில் ஒன்று, மாத்திரை வாங்கிய பில்லில் இன்னொன்று. இதைத் தீர்க்காமல் "வாடிக்கையாளர் எத்தனை பேர்" என்ற சாதாரணக் கேள்விக்கே சரியான பதில் வராது. இந்தக் குப்பையைக் கூட்டுவதில் பாதிக்கு மேல் டேட்டாவைச் சேகரித்து ஒழுங்குபடுத்தித் தரும் டேட்டா இன்ஜினியர் தலையில்தான் விழுகிறது. ஃப்ரெஷருக்குக் கதவு திறப்பதும் அங்கேயும் அனலிஸ்ட் வேலையிலும்தான்.

ஆனால் வருகிற ரெஸ்யூமேக்களில் டைட்டானிக் பயணிகள், ஐரிஸ் பூக்கள், கற்றுக்கொள்பவர்கள் எல்லாரும் எடுக்கும் இந்தப் பயிற்சி டேட்டாதான் ப்ராஜெக்ட். ஐரிஸ் என்பது 1936-ல் ஃபிஷர் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள். கற்க நல்லது, தப்பே இல்லை. ஆனால் அதை வைத்து "98 சதவீத அக்யூரசி" என்று பெருமைப்பட என்ன இருக்கிறது? இன்டர்வியூவில் நான் கேட்பது இதுதான்: இடது டேபிளின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு வலது டேபிளை இணைப்பதுதான் லெஃப்ட் ஜாயின்; அதைப் போட்டதும் வரிசைகள் ஏன் கூடின? வலது டேபிளில் ஒரே கீ (இரண்டு டேபிளையும் பொருத்தும் மதிப்பு) இரண்டு தடவை இருக்கலாம் என்று சொல்பவர்கள் குறைவு. நியூரல் நெட்வொர்க் பற்றி அரை மணி நேரம் பேசுபவர்கள்கூட இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2006-ல் ஹடூப் வந்தது, பெரிய டேட்டாவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கும் கருவி. பிறகு ஊரெல்லாம் ஹடூப் சான்றிதழ் வாங்க ஓடியது. அதற்குள் அதே மாதிரி வேலையை வேகமாகச் செய்யும் ஸ்பார்க் வந்துவிட்டது, இப்போது எல்லாம் கிளவுடில். ஹடூப்புக்கான மேப்ரெட்யூஸ் புரோகிராம் எழுதத் தெரிந்தவரை இன்று யார் தேடுகிறார்கள்? ஆனால் ஹடூப் மேலேயே ஹைவ், ஸ்பார்க் உள்ளே ஸ்பார்க் எஸ்க்யூஎல் என்று, 1974-ல் ஐபிஎம்மில் பிறந்த அந்த எஸ்க்யூஎல் மொழியைத்தான் எல்லாரும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதோடு புள்ளியியல் அடிப்படை. சராசரி ஏன் ஏமாற்றும், எந்தச் சாம்பிளை நம்பலாம் என்பது தெரியாமல் பைத்தான் லைப்ரரியை மட்டும் கூப்பிடத் தெரிந்து பயனில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத்தளமான என்பிடெல்லில் (NPTEL) பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், அவர்களே வைக்கும் தகுதித் தேர்வைத் தாண்டினால் போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் சுலபம் என்று நினைத்துச் சேர்பவர்களைக் கணக்கும் ஸ்டாட்ஸும் பிழிந்து எடுத்துவிடும். தனியார் கோர்ஸில்தான் சேர்வேன் என்றால், அந்த "ஈஸி இஎம்ஐ" யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

டெஸ்டிங் தம்பிக்குத் தனியாக ஒன்று. நீ பேங்கிங் ப்ராஜெக்ட்டில் இருப்பதாகச் சொன்னாய். எந்தப் பரிவர்த்தனை எப்போது திரும்பும், எந்தக் கட்டம் காலியாக வரும் என்பது உனக்கு அத்துப்படி. அதே டீமில் டேட்டா டெஸ்டிங், ஈடிஎல் டெஸ்டிங் (ஓரிடத்து டேட்டா இன்னோரிடத்துக்குச் சரியாக மாறிப் போகிறதா என்று பார்ப்பது) வேலை இருக்கிறதா என்று உன் மேனேஜரைக் கேள். சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம். ரெண்டு லட்சம் பேங்கிலேயே இருக்கட்டும்.