வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்
வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்க 15 வாட் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) சரியான அளவு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அபார்ட்மென்டுக்கு அதுவே ரொம்ப அதிகம் என்பேன். காதுக்குச் சத்தம் இருமடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட், அதாவது 10 டெசிபல் கூடுதல், வேண்டும். அப்படிப் பார்த்தால் 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் நடுவே 5 டெசிபல்கூட வித்தியாசம் கிடையாது. ஃபெண்டர் சாம்ப் மாதிரி ஸ்பீக்கரை இயக்க ஒரே ஒரு 6வி6 வகை பவர் டியூப் உள்ள 5 வாட் ஆம்பையே, அந்த டியூப் கரகரக்கும் வரை வால்யூமைத் திருகினால் அடுத்த வீடுவரை கேட்கும். மார்ஷல் டிஎஸ்எல்1 என்ற ஆம்ப் ஒரு வாட்டிலிருந்து 0.1 வாட்டுக்கு இறங்கும். முதலில் இப்படி வாட்டைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்பீக்கர். சின்ன 8 இன்ச்சில் தடித்த கம்பியை மீட்டினால் டப்பாச் சத்தம்தான். அதே ஆம்பை 12 இன்ச் ஸ்பீக்கர் கேபினெட்டில் (தனி ஸ்பீக்கர் பெட்டி) மாட்டிக் கேளுங்கள், அடிநாதம் வந்துவிடும். ஆனால் ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் வாசித்துவிடாதீர்கள், டியூபையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.