சீசன் தள்ளிப்போனால் செத்தா போய்விடுவோம்?

இது 2023 ஆகஸ்ட்டில் எழுதியது. ஹாலிவுட்டில் தொடரும் படமும் எழுதுகிறவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், நாம் பார்க்கிற சீரிஸ்களின் அடுத்த சீசன் தள்ளிப்போனது. அதைப் பற்றி நமக்குள் சுற்றுகிற அந்த ஆடியோவை இந்நேரம் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். யார் பேசியது என்ற கதைக்குள் நான் போகவில்லை. "எழுத இஷ்டமில்லேன்னா கெளம்பச் சொல்லு, ஏஐ எழுதிட்டுப் போவுது. மாசாமாசம் காசு கட்டுறது நாமதான?" என்று சிரித்துக்கொண்டே பேசிவிட்டு, கடைசியில் என்னையும் இழுத்து, "நம்மாளு தங்கச்சிமடத்துல உக்காந்துக்கிட்டு ஹாலிவுட்டுக்குச் செங்கொடி பிடிக்கிறாரு" என்று முடித்திருக்கிறார். தங்கச்சிமடம் எங்கள் ஊர், ராமேஸ்வரத்துப் பக்கம் மீன்பிடிக்கிற ஊர். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வேறு. சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள். சரி, இருக்கட்டும்.

காசு கட்டுகிற கதையை முதலில் முடித்துவிடுவோம். ஆடியோ போட்ட அண்ணன் சீரிஸ் பார்க்கிற அந்த 199 ரூபாய் ஓடிடிக் கணக்கு யாருடையது என்பது, போன மாசம் பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது என்று அறிவிப்பு வந்தபோது அவர் போட்ட கூப்பாட்டிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, ஏழெட்டு மாசம் ஆகியும் ஓடவில்லை. அதற்கு ஒரு ஆடியோ போடவில்லை மனுஷன்.

நான் சொல்வது ஒன்றுதான். சீசன் தள்ளிப்போகிறதே என்று வருத்தப்படுங்கள், எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தக் கோபத்தை எழுதுகிறவன் மேல் காட்டாதீர்கள்.

2023 மே 2-ஆம் தேதி 11,500 ஹாலிவுட் எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஓட்டெடுப்பில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் சம்மதம். நூறு நாள் தாண்டிவிட்டது. ஜூலை 14 முதல் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு சங்கமும் ஒரே நேரத்தில் தெருவில் நிற்பது 1960-க்குப் பிறகு 2023-ல்தான். 1960-ல் நடிகர் சங்கத்துக்குத் தலைவராக நின்றவர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன். பிற்பாடு அமெரிக்க அதிபரானாரே, அதே ரீகன். அவர் கையில் எந்தச் செங்கொடி இருந்தது என்று அண்ணன்தான் விளக்க வேண்டும்.

இவர்கள் கேட்பதும் நமக்குப் புரியாத சமாச்சாரம் இல்லை. எங்கள் ஊரில் மீன்பிடிப் போட்டு (படகு) கரைக்கு வந்து, டீசல், ஐஸ் செலவு கழிந்ததும், மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். அங்கேயும் ஒரு தொடரை டிவியில் மறுபடி ஓட்டும்போதெல்லாம் எழுதினவருக்கு ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. ஓடிடி வந்த பிறகு, பத்துப் பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே தொகைதான் கிடைத்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் கம்பெனிக்காரர்கள் ஒழுங்காகக் காட்டவில்லை. எத்தனை கிலோ இறால் விழுந்தது என்று காட்டாமலே "இந்தா ஒம் பங்கு" என்று நீட்டினால் இங்கே எவன் வாங்குவான்? கரையிலேயே கைகலப்பு ஆகிவிடும்.

முன்பெல்லாம் ஒரு சீசனுக்கு 22 எபிசோட் இருக்கும், வருஷத்தில் முக்கால்வாசி வேலை இருக்கும். இப்போது எட்டோ பத்தோ. அதற்கும் நாலைந்து பேரைச் சில வாரம் உட்காரவைத்து எழுதி வாங்கிக்கொண்டு, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அனுப்பிவிடுகிறார்கள். 2013-14-ல் தொடர் எழுதுகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் சங்கம் பேசிவைத்த குறைந்தபட்சக் கூலிக்கு வேலை பார்த்தார். 2021-22-ல் ஏறக்குறைய பாதிப் பேர் என்கிறது சங்கத்தின் கணக்கு.

ஏஐ எழுதிட்டுப் போவுதாம். எழுத்தாளர்கள் அதற்கு ஒரு வரையறை வேண்டும் என்று கேட்டபோது ஸ்டூடியோக்காரர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டம் போட்டு, தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். டீ, பிஸ்கட் உண்டா என்று தெரியவில்லை.

"ஸ்ட்ரைக்கால நம்ம சீரிஸ் நாசமாப் போயிரும்" என்கிறீர்கள். 2007-லும் இப்படித்தான் நூறு நாள் நின்றார்கள். பிரேக்கிங் பேட் முதல் சீசன் ஒன்பது எபிசோடாக வந்திருக்க வேண்டியது, ஏழோடு நின்றது. நாசமாகவா போனது? இன்றைக்கும் எவன் வந்து "என்ன சீரிஸ் பாக்கலாம்"னு கேட்டாலும் முதலில் அதைத்தானே சொல்கிறீர்கள். சில தொடர்கள் அந்த வருஷம் நொண்டின, உண்மை. ஆனால் இணையத்தில் வருவதற்கும் தங்கள் ஒப்பந்தம் செல்லும் என்பதை அன்றைக்கு நின்றுதான் வாங்கினார்கள். அப்போது தங்கச்சிமடத்தில் சீரிஸ் பார்க்கிற அளவுக்கு எவனிடம் நெட் இருந்தது?

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கடைசி சீசனை நிறுத்திவைத்ததுதான் பலருக்குத் தாங்கவில்லை. நிறுத்தியது யார்? அதை உருவாக்கின டஃபர் சகோதரர்களே. படப்பிடிப்பு ஆரம்பித்தால் எழுத்து வேலை முடிந்துவிடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பெத்தவனுக்கே இல்லாத அவசரம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதற்கு?

"லைட்மேன், மேக்கப்காரர், வண்டி ஓட்டுறவன் எல்லாம் வேலையில்லாம கெடக்கானே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த லைட்மேன் ஞாபகம் உங்களுக்கு எட்டு வருஷமாக வராமல் இந்த வாரம் மட்டும் வருகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

போன மாசம் ஒரு ஸ்டூடியோப் பெரிய மனுஷர், பெயரைச் சொல்லாமல், பத்திரிகையில் பேசியிருந்தார். எழுத்தாளர்கள் இருக்கிற வீட்டை இழக்கிற வரைக்கும் இழுக்க வேண்டியதுதான் என்ற அர்த்தத்தில். தயாரிப்பாளர்கள் தரப்பு, அது எங்கள் குரல் இல்லை என்றது. நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அது எனக்குப் பழகின பேச்சு. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது இறால் விலையை வியாபாரிகள் ஒரேயடியாகக் குறைக்க, போட்டெல்லாம் கட்டிக் கிடந்தது. அப்பா கூலிக்குப் போகிறவர், சொந்தப் போட்டு கிடையாது. "வயிறு காஞ்சா தானா வருவானுக" என்று ஏலக்கடைத் திண்ணையில் ஒருத்தர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா தோட்டை அடகு வைத்துவிட்டு, காது தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகியிருந்தார். கோயிலுக்குப் போகும்போது மட்டும் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்.

அந்த லீவில் நான் ராமேஸ்வரத்தில் ஒரு ஓட்டலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேனில் வந்த ஒரு கூட்டம், மீன் இல்லை என்றதும் கத்த ஆரம்பித்தது. "கடல் முழுக்க மீனு கெடக்கு, புடிக்க இவனுகளுக்கு என்ன வலிக்குது?" என்றார் ஒருவர். தட்டில் சோறு வைத்துக்கொண்டு கேட்டார். நான் டம்ளரை நிரப்பிவிட்டு நகர்ந்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கூலி போயிருக்கும்.

இப்போது எனக்குக் கூலி போகாது, அதனால் சொல்கிறேன். கடலில் மீன் கிடக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். எழுத்தாளனுக்குக் கதை வரும் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சும்மா உட்கார்ந்திருக்கிறான், சோம்பேறித்தனத்தில் இல்லை. சிரித்தவர்களில் இரண்டு மூன்று பேர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கடலுக்குப் போகிற குடும்பம். இலங்கைக்காரன் ஆளையும் போட்டையும் பிடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் வேலைநிறுத்தப் பந்தலில் உட்காருகிறவர்கள். அவர்களும் சிரித்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கோபமாக இருந்தால் சந்தா வாங்குகிற கம்பெனியிடம் போய்க் கேளுங்கள், எங்கள் காசில் எழுதுகிறவனுக்கு எவ்வளவு போகிறது என்று. நட்பை முறிக்கிறவர்கள் தாராளமாக முறிக்கலாம். இனிமேல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "தலைவா, அடுத்த சீசன் எப்ப?" என்று எனக்கு மட்டும் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.