அபராதச் சீட்டு எழுதுகிற கையும் கயிறு இறக்குகிற கையும்

நேற்று ஒரு நண்பர் போனில் பொரிந்து தள்ளினார். அமெரிக்காவில் ஒரு தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே மேசையில் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு ரேஞ்சர் (பூங்காக் காவலர்) ஒருவர் டார்ச்சோடு வந்து எழுப்பி, கரடி எடுக்காதபடி பெட்டியை அங்கே இருக்கும் இரும்புப் பெட்டகத்துக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார். அதோடு விடாமல் அபராதச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். "கரடி வந்துச்சா? வரலையே! நிம்மதியா இருக்கலாம்னு காட்டுக்குப் போனா அங்கயும் போலீஸா? மலையில மாட்டிக்கிட்டவனைக் காப்பாத்துற வேலையைப் பார்க்க வேண்டியதுதானே" என்று ஒரே கொதிப்பு.

அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டருக்கு அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு போய், பாறையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி வரும் ரேஞ்சரின் வீடியோ வந்தால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே ஆள் மறுநாள் நம் காரை ஓரங்கட்டச் சொன்னால் எரிச்சல் வருகிறது. நம் மனசில் அவர்கள் இரண்டு பேர். அங்கே ஒரே ஆள்தான். அமெரிக்கப் பூங்காக்களில் சட்டம் ஒழுங்கு பார்க்கும் ரேஞ்சரின் வண்டியில் கைவிலங்கும் இருக்கும், முதலுதவிப் பையும் இருக்கும். இடுப்பில் துப்பாக்கி. காலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைக் கைது செய்திருப்பார், மத்தியானம் நெஞ்சுவலி வந்தவருக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார், சாயங்காலம் காணாமல் போன பிள்ளையைத் தேடி டார்ச்சோடு மலையேறுவார். யெல்லோஸ்டோன் பூங்கா மட்டுமே கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் விழுந்து கிடந்தால் ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு என்று தனித்தனியாக எங்கிருந்து வரும்? முதலில் போய்ச் சேருகிறவர்தான் எல்லாமும்.

இனி அந்தச் சாப்பாட்டுப் பெட்டி. யோசெமிட்டி பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும் கரடிகள் கார்களை உடைத்தது, கூடாரத்தைக் கிழித்தது என்று 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள். கார்க் கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி, தகர டப்பாவைத் திறப்பது மாதிரி கீழே வளைத்துவிடும். மனிதச் சாப்பாட்டின் ருசி ஒருதரம் பழகிவிட்ட கரடி திரும்பத் திரும்ப வரும். பயம் விட்டுப்போகும். கடைசியில் ஆளைத் தாக்கும் நிலைக்கு வந்தால் அதைக் கொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த வேலையும் பூங்கா ஊழியர்கள் தலையில்தான் விழும். பிறகு முகாம்கள்தோறும் இரும்புப் பெட்டகம் வைத்தார்கள், ராத்திரி ரோந்து போனார்கள், சாப்பாட்டை வெளியே விட்டவர்களுக்குச் சீட்டு எழுதினார்கள். சம்பவங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோயின. நண்பரே, "கரடி வந்துச்சா" என்று கேட்டீர்களே, வராமல் இருந்ததற்குக் காரணம் அந்த டார்ச்தான்.

யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி மரப்பலகைப் பாதை போட்டிருப்பார்கள். அதைவிட்டு இறங்கினால் குற்றம். "ரெண்டு அடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்தா என்ன ஆயிடும்?" என்று தோன்றும். மேலே மண் மாதிரித் தெரிவது பல இடங்களில் வெறும் மெல்லிய ஓடு. அடியில் கொதிக்கிற தண்ணீர், சில ஊற்றுகளில் அமிலமும் சேர்ந்து. இதுவரை 20க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊற்றுகளில் செத்திருக்கிறார்கள். 2016 ஜூனில் ஓர் இளைஞர் பாதையைவிட்டு வெகுதூரம் உள்ளே போய், வழுக்கி விழுந்துவிட்டார். அன்று உடலை எடுக்கப் போனவர்களை இடிமின்னல் நிறுத்திவிட்டது. மறுநாள் போனபோது எடுப்பதற்கு எதுவுமே மிஞ்சவில்லை. அந்தச் செய்தியைப் பெற்றவர்களிடம் எந்த வார்த்தையில் சொல்வது? யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். பலகையைவிட்டு இறங்காதே என்று ஒரு ரேஞ்சர் கத்தும்போது அவர் குரலில் இருப்பது அதிகாரத் திமிர் என்று நினைக்கிறோம். எனக்கு அது பயமாகத்தான் கேட்கிறது.

துப்பாக்கி எதற்கு என்றும் கேட்பார்கள். 1970 ஜூலை 4 அன்று யோசெமிட்டியில் கூடியிருந்த இளைஞர் கூட்டத்துக்கும் ரேஞ்சர்களுக்கும் பெரிய கைகலப்பு நடந்தது. அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு முறையான போலீஸ் பயிற்சி என்பதே தீவிரமாக ஆரம்பித்தது. ஆயுதம் வைத்துக்கொள்ளவும் கைது செய்யவும் தெளிவான அதிகாரம் கொடுத்த சட்டம் 1976இல் வந்தது. பூங்கா என்றால் மான், மரம் மட்டும் இல்லை. வருஷத்துக்கு 30 கோடிக்கும் அதிகமான வருகைகள். ஊரில் நடக்கும் அடிதடி, போதை, புருஷன் பெண்டாட்டியை அடிப்பது எல்லாம் அங்கேயும் நடக்கும்.

2012 ஜனவரி 1. மவுண்ட் ரெய்னியர் பூங்காவில் பனிக்காலத்தில், வண்டி வழுக்காமல் இருக்க டயர்களுக்குச் சங்கிலி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் சாவடி உண்டு. ஒருவன் அங்கே நிற்காமல் வண்டியை மேலே விரட்டிக்கொண்டு போய்விட்டான். மேலே இருந்த ஒரு பெண் ரேஞ்சர் தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி மறித்தார். அவன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அவருக்கு 34 வயது, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர். அந்தச் சாலை போய்ச் சேரும் இடத்தில் அன்று குழந்தைகுட்டிகளோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பனியில் விளையாட வந்திருந்தார்கள். முந்தின ராத்திரி இன்னோர் ஊரில் சிலரைச் சுட்டுவிட்டு வந்தவன் அவன். சங்கிலி சோதனை என்பது எவ்வளவு சாதாரண வேலை! இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

  

மீட்புக்கு வருகிறேன். பொதுவாக அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மீட்புக்குக் காசு வாங்குவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்த அபராதத் தொகையை நினைத்து வயிறெரிய வேண்டாம். ஒவ்வொரு தேவையில்லாத மீட்பும் இன்னும் நாலு பேர் உயிரைப் பணயம் வைக்கிறது. 1996இல் சியரா நெவாடா மலையில் இருபது வருஷத்துக்கு மேல் ரேஞ்சராக இருந்த ஒருவர் தனியாக ரோந்து போனார், திரும்பி வரவில்லை. எத்தனையோ பேரைத் தேடிக் கண்டுபிடித்தவரைச் சக ரேஞ்சர்கள் நாள்கணக்கில் தேடினார்கள். 2001இல்தான் எலும்புகள் கிடைத்தன.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவும் ஒரு வாய்ப்பு வந்தது. 2018 டிசம்பரில் ஆரம்பித்து 35 நாள், நிதி ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க அரசாங்கம் முடங்கியபோது பல பூங்காக்களின் வாசல் திறந்தே கிடந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஜோஷுவா ட்ரீ பூங்காவில் மரங்களை வெட்டினார்கள். பாலைவன மண்ணில் இஷ்டத்துக்கு வண்டி ஓட்டித் தடம் போட்டார்கள். அதைச் செய்தவர்கள் கொள்ளைக்காரர்களாக இருக்க வாய்ப்பில்லை, விடுமுறைக்கு வந்த நம்மைப் போன்ற ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷம் முன்னால், ஒரு ஜூலை மாதம், நானும் மச்சானும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினோம். ஆற்றைத் தொட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் மேலே வந்துவிடலாம் என்று திட்டம். மேலே காற்று சிலுசிலுவென்று இருந்தது. இறங்க இறங்கச் சூடு ஏறியது. சுமார் இரண்டரை கிலோமீட்டரில் ஒரு நிழற்குடில். அங்கே ஒரு ரேஞ்சர் அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கே வரைக்கும், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், தண்ணீர் எவ்வளவு என்று பேச்சுக்கொடுத்தார். மச்சான் பெருமையாக நாலு லிட்டர் என்றான். "உப்பு?" என்றார். எங்களிடம் இல்லை.

அப்போதுதான் விளக்கினார். வேர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, புத்தி தடுமாற்றம், வலிப்பு வரைக்கும் போகும். பார்க்கிறவர்களுக்கு வெயில் மயக்கம் மாதிரியே தெரியும். இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், இன்னும் மோசமாகும். ஒரு மணி நேரம் இறங்கினால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். அடியில் 40 டிகிரியைத் தாண்டும் என்றார். 1996 கோடையில் வெயிலுக்குப் பலர் பலியான பிறகு, மறுவருஷம் தொடங்கிய ஏற்பாடாம் இது. விழுந்தபிறகு தூக்குவதற்குப் பதில், விழுவதற்கு முன்னால் பாதையிலேயே உட்கார்ந்து பேசுவது.

அங்கே அவர் எங்களைத் தடுக்கவில்லை. மச்சானின் தொப்பியைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் முக்கி, பிழியாமல் அவன் தலையிலேயே கவிழ்த்தார். கழுத்து வழியாக வழிந்த தண்ணீரில் சட்டை நனைந்தது. எங்கள் இருவருக்கும் உப்புப் பிஸ்கட் கொடுத்து, முழுசாகத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பிவிட்டோம்.

அந்த இரண்டரை கிலோமீட்டர் ஏறுவதற்குள்ளேயே மச்சானுக்கு மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு குடும்பம் இறங்கி வந்திருந்தது, சின்னப் பையன் ஒருவன் கையில் அரை பாட்டில் தண்ணீரோடு. அந்த ரேஞ்சர் அம்மா எழுந்து நின்று, குனிந்து, முதலில் அவனிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.