சாகாத செல்லுக்குக் கிடைக்கும் அவகாசம்

"புற்றுநோய் என்றால் என்ன?" என்று யாராவது கேட்டால், பல வருடங்களாக நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: "செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது." கேட்பவருக்கும் திருப்தி, எனக்கும் வேலை முடிந்தது. இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தவை லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் வந்த சுண்டெலிகள். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்களை உடம்பு தாராளமாக உற்பத்தி செய்யும், அதே தாராளத்தோடு கொல்லவும் செய்யும். தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்களில் மிகப் பெரும்பகுதி வெளியே வராமலேயே செத்துவிடுகிறது. சரியாக வேலை செய்யாதது, சொந்த உடம்பையே தாக்கக்கூடியது, யாருக்கும் தேவைப்படாதது எல்லாம் தன்னைத்தானே ஒழுங்காகச் சுருட்டி மடித்துக்கொண்டு செத்துப்போகும். இதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972-ல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவர் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகும் வெகுகாலம் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் பெருக்கத்தின் மேல்தான் கண்.

ஃபாலிகுலர் லிம்போமா என்று மெதுவாக வளரும் ஒரு நிணநீர்ப் புற்றுநோய் உண்டு. அது வந்தவர்களில் பெரும்பாலோரின் புற்றுச் செல்களில் 14-வது குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் உடைந்து துண்டு மாறி ஒட்டியிருக்கும். அந்த ஒட்டில் என்ன மரபணு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று 1980-களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவில் சுஜிமோட்டோவும் குரோச்சேவும் தேடினார்கள், கிடைத்தது பிசிஎல்-2. புற்றுநோய் மரபணு என்றால் பெருக்கத்தை முடுக்கிவிடும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. மிக், ராஸ் போன்றவை அப்படித்தான் இருந்தன. இதுவும் அதே ஜாதிதான் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

1988-ல் மெல்போர்னில், வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வகத்தில், டேவிட் வாக்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஓர் எளிய சோதனை செய்தார். ஐஎல்-3 என்ற வளர்ச்சிப் புரதம் இருந்தால்தான் உயிர்வாழும் சுண்டெலிச் செல்களை எடுத்து, அவற்றுக்குள் பிசிஎல்-2-ஐப் புகுத்தினார். பிறகு ஐஎல்-3-ஐ நிறுத்திவிட்டார். சாதாரணச் செல்கள் செத்தன. பிசிஎல்-2 இருந்தவை சாகவில்லை. ஆனால் பெருகவும் இல்லை! சும்மா அப்படியே உயிரோடு கிடந்தன. புற்றுநோயில் கண்டெடுத்த ஒரு மரபணு பெருக்கத்தைத் தொடவே இல்லை, சாவை மட்டும் தள்ளிப்போடுகிறது. என்னைக் கேட்டால் புற்றுநோய் உயிரியலின் போக்கையே மாற்றிய சோதனைகளில் இதுவும் ஒன்று. ஆனால் படம் எடுத்துக் காட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் முடிவு.

சரி, சாகாத செல் இருந்தால் போதுமா, புற்றுநோய் வந்துவிடுமா? இங்கேதான் முழுச் சுண்டெலி தேவைப்பட்டது. ஸ்டான்லி கோர்ஸ்மேயரின் குழு, லிம்போசைட்டின் இன்னொரு வகையான பி செல்களில் பிசிஎல்-2 அதிகமாக உருவாகும்படி மாற்றிய சுண்டெலிகளை 1989-ல் காட்டியது. மண்ணீரலில் பி செல்கள் குவிந்தன. குவிந்தவை சின்னச் சின்ன, ஓய்வில் இருக்கும், பார்வைக்குச் சாதுவான செல்கள். ஒரே செல்லின் வாரிசுகளும் அல்ல, பல வம்சத்தைச் சேர்ந்தவை. அதாவது கூட்டம் சேர்ந்தது, ஆனால் புற்றுநோய் இல்லை. அதே எலிகளை விடாமல் கவனித்தார்கள். 1991-ல் அடுத்த முடிவு வந்தது: ஏறக்குறைய 15 மாதம் கழித்து அவற்றில் சிலவற்றுக்குக் கடுமையான லிம்போமா வந்தது. அந்தக் கட்டிகளில் சுமார் பாதியில் மிக் மரபணு இடம் மாறியிருந்தது. 15 மாதம் என்பது இரண்டு மூன்று வருடம் வாழும் ஒரு சுண்டெலிக்கு அரை ஆயுள்.

என் கருத்தின் மையமே இந்த 15 மாதம்தான். பிசிஎல்-2 அந்தச் செல்லுக்குக் கொடுத்தது அவகாசம். செத்திருக்கவேண்டிய நாளில் சாகாமல் இருந்ததால், அடுத்த பிழை நேரும்வரை காத்திருக்க அதற்கு முடிந்தது. மனிதர்களிலும் இதேதான். ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களின் ரத்தத்தை நுட்பமாகப் பரிசோதித்தால், பாதிப்பேருக்கு மேல் அந்த 14–18 குரோமோசோம் ஒட்டு கொண்ட செல்கள் ஒன்றிரண்டு தென்படும். பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. ஆகவே "புற்றுநோய் மரபணு கண்டுபிடிப்பு" என்று தலைப்பு பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த மரபணு இருக்கிறது என்பதும் நோய் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

இதற்கு நேரெதிர் பக்கம் மிக். 1985-ல் பி செல்களில் மிக் ஓயாமல் இயங்கும்படி ஒரு சுண்டெலி வம்சத்தை உருவாக்கினார்கள். ஈ-மியூ மிக் என்று பெயர். இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 5 மாதத்துக்குள் லிம்போமா வந்துவிடும். வேகம்தான், ஆனால் கவனித்துப் பாருங்கள், உடனே வருவதில்லை. பிறக்கும்போதே எல்லா பி செல்களிலும் மிக் இருந்தும் ஏன் மாதக்கணக்கில் ஆகிறது? 1990-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ராஸர், சூசன் கோரி குழு இந்த எலியையும் பிசிஎல்-2 எலியையும் இணை சேர்த்தது. இரண்டு மரபணுவும் வாய்த்த குட்டிகள் சில வாரங்களிலேயே கட்டியோடு இருந்தன. தனியாக ஒன்றுக்கு ஒரு வருடத்துக்கு மேல், மற்றொன்றுக்குச் சில மாதம், இரண்டும் சேர்ந்தால் வாரக் கணக்கு!

காரணம் 1992-ல் தெளிவானது. ஜெரார்ட் இவான் குழு காட்டியது இது: மிக் செல்லைப் பெருகத் தூண்டும் அதே மூச்சில் சாகவும் தூண்டுகிறது. ஊட்டம் குறைந்த நேரத்தில் மிக் ஓடினால் செல் செத்துவிடும். இது உடம்பு வைத்திருக்கும் பொறி. பேராசைப்பட்டு ஓடும் செல் அந்த ஓட்டத்தாலேயே செத்துவிழும். பிசிஎல்-2 வந்து அந்தப் பொறியை அடைத்துவிட்டால் ஓட்டம் மட்டும் மிஞ்சும்.

பாடப்புத்தகங்களில் ஆக்ஸிலரேட்டர், பிரேக் என்று ஒரு உவமை சொல்வார்கள், புற்றுநோய் மரபணு ஆக்ஸிலரேட்டராம், தடுக்கும் மரபணு பிரேக்காம். எனக்கு இந்த உவமை பிடிக்கவே பிடிக்காது. இதில் பிசிஎல்-2-க்கு இடமே இல்லை. அது வண்டியை ஓட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கழித்துப்போடவேண்டிய வண்டியைக் கழிக்கவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிசிஎல்-2-இன் குடும்பத்திலேயே எதிர்க்கட்சியும் உண்டு. பிம், பூமா, நாக்ஸா என்று சாவை ஏவும் புரதங்கள். ஈ-மியூ மிக் எலிகளில் பிம் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டாலே நோய் முந்திக்கொண்டு வருகிறது என்று 2004-ல் தெரிந்தது. ஒன்று மீதி இருக்கிறதே, போதாதா? போதாது. சாவுக்கும் உயிருக்கும் நடுவில் இருக்கும் தராசு அத்தனை நுண்ணியது. ஸ்காட் லோவின் குழு 2002-ல் இன்னொன்றைக் காட்டியிருந்தது. மிக் லிம்போமாக்கள் வழக்கமாக பி53 என்ற காவல் மரபணுவைத் தொலைத்துவிடும். ஆனால் பிசிஎல்-2-ஐக் கொடுத்துவிட்டால் பி53-ஐத் தொலைக்கும் கட்டாயமே கட்டிக்கு இல்லாமல் போனது. காவலாளி கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் வேலை செய்யாதபோது காவலாளியை ஏன் விரட்டவேண்டும்?

இதுவரை கதை நேராகப் போகிறது: சாவைத் தடுத்தால் புற்றுநோய் எளிதாகும். அப்படியானால் சாவை ஏவும் பூமாவை நீக்கிவிட்டால் எலிக்கு லிம்போமா கூடத்தானே வேண்டும்? 2010-ல் மெல்போர்னிலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைப் பார்த்தன. சுண்டெலிகளுக்கு வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் குறைந்த அளவில் கதிர்வீச்சு கொடுத்தால் தைமஸில் லிம்போமா வரும், பழைய முறை இது. பூமா இல்லாத எலிகளுக்கும் அப்படியே கொடுத்தார்கள்.

அவற்றுக்கு லிம்போமா வரவில்லை. பூமா உள்ள சாதாரண எலிகளுக்குத்தான் வந்தது.

நான் இதை முதலில் படித்தபோது தலைகீழாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன். விளக்கம் இதுதான். கதிர்வீச்சு பட்டதும் பூமா வேலையைக் காட்டும், லிம்போசைட்டுகள் கொத்துக்கொத்தாகச் சாகும். தைமஸும் எலும்பு மஜ்ஞையும் காலியாகும். காலியான இடத்தை நிரப்ப, தப்பிப் பிழைத்த மூலச் செல்கள் அவசர அவசரமாகப் பெருகவேண்டும். அவற்றின் டிஎன்ஏவும் அதே கதிரில் அடிபட்டதுதான். அடிபட்ட செல்லை ஓடவைத்தால் என்ன ஆகும்? அடுத்த வாரம் மறுபடி கதிர், மறுபடி காலி, மறுபடி ஓட்டம். பூமா இல்லாத எலியில் சாவு குறைவு, அதனால் காலியிடமும் இல்லை, அவசரமும் இல்லை. ஹென்றி காப்லான் 1950-களிலேயே ஒன்றைக் கவனித்திருந்தார்: கதிர் கொடுக்கும்போது எலியின் தொடையை மட்டும் மறைத்துவிட்டால் லிம்போமா பெரும்பாலும் வருவதில்லை. தொடை எலும்பின் மஜ்ஞை கெடாமல் இருந்து, காலியிடத்தை நல்ல செல்களால் நிரப்பிவிடுகிறது. அரை நூற்றாண்டு கழித்து அந்தத் தொடைக்குப் பொருள் கிடைத்தது.

ஆக, சாவு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. யாருக்கு, எப்போது, எத்தனை செல் என்பதைப் பொறுத்தது. 2013-ல் வந்த ஒரு முடிவும் இதே குழப்பத்தை வளர்த்தது. பி53 அறவே இல்லாத எலிகளுக்கு லிம்போமா நிச்சயம். ஆனால் பி53 ஏவும் முக்கியக் கையாட்கள் என்று எல்லோரும் நம்பிய பூமா, நாக்ஸா, பி21 மூன்றையும் ஒன்றாக நீக்கிய எலிகளுக்குத் தானாக லிம்போமா வரவில்லை. அப்படியானால் பி53 புற்றுநோயைத் தடுப்பது செல்லைக் கொன்று மட்டுமல்ல, வேறு வழியும் இருக்கிறது.

அடுத்த கேள்வி, உயிர்காக்கும் மரபணுக்களில் கட்டி உண்மையில் எதை நம்பி வாழ்கிறது? பிசிஎல்-2 என்று நாம் நினைப்போம். ஈ-மியூ மிக் எலிகளில் எலியின் சொந்த பிசிஎல்-2-ஐ எடுத்துவிட்டாலும் லிம்போமா வருகிறது என்று 2007-ல் தெரிந்தது. உறவுக்காரப் புரதமான பிசிஎல்-எக்ஸ்எல் தொடக்கத்தில் தேவைப்படுகிறது. வளர்ந்துவிட்ட கட்டி முட்டுக்கொடுத்து நிற்பதோ எம்சிஎல்-1 என்ற இன்னொன்றில். 2014-ல் ஜெம்மா கெல்லி, ஸ்ட்ராஸர் குழு காட்டியபடி, எம்சிஎல்-1-இன் ஒரு பிரதி போனாலே அந்தக் கட்டிகள் திணறின, பி53 கெட்டுப்போனவைகூட. ஒரே பிரதியோடு பிறந்த சாதாரணச் சுண்டெலியோ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மருந்து தேடுபவர்களுக்கு வேண்டியது இந்த இடைவெளிதான்: கட்டிக்குத் தாங்காது, உடம்புக்குத் தாங்கும்.

மருந்துக்கு வருவோம். பிசிஎல்-2-ஐ அடக்கும் வெனிட்டோகிளாக்ஸ் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முதலில் நாள்பட்ட லிம்போசைட் லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு. அந்த நோயில் தொடக்கக் கட்டச் சோதனையில் 79 சதவீதம் பேருக்குப் பலன். பிசிஎல்-2-ஐக் கண்டெடுத்த ஃபாலிகுலர் லிம்போமாவில், தனியாகக் கொடுத்தபோது, 38 சதவீதம்தான். எந்த நோயில் அந்த மரபணு பிடிபட்டதோ அந்த நோய்க்கே மருந்து அரைகுறையாக வேலை செய்கிறது. நோயைத் தொடங்கிவைத்த மரபணுவையே நோய் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

இந்தமாதிரிச் செய்திகளுக்குக் கீழே ஒரு கமெண்ட் தவறாமல் வரும்: "எலியில்தானே?" அலட்சியமாகக் கேட்கப்படும் கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. எதற்கு எலியை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். எலி எச்சரித்து அது பலித்ததும் உண்டு. ரத்தத் தட்டணுக்களின் ஆயுளை முடிவு செய்வது பிசிஎல்-எக்ஸ்எல் என்று சுண்டெலிகள் 2007-ல் காட்டின. அதையும் சேர்த்து அடக்கும் நவிட்டோகிளாக்ஸ் மருந்தில் நோயாளிகளுக்குத் தட்டணுக்கள் சரிந்தன. இதயத் தசையில் எம்சிஎல்-1-ஐ நீக்கினால் எலி இதயம் செயலிழந்து சாகிறது என்று 2013-ல் காட்டப்பட்டது. பின்னர் எம்சிஎல்-1 மருந்துகளின் மனிதச் சோதனைகள் சில இதயப் பாதிப்பின் அறிகுறி தெரிந்ததால் நிறுத்திவைக்கப்பட்டன.

எலி ஏமாற்றியதும் உண்டு. 2016-ல் வந்த எஸ்63845 என்ற எம்சிஎல்-1 அடக்கி, மிக் லிம்போமா வந்த எலிகளில் பெரும்பாலானவற்றைக் குணமாக்கியது, எலிகளும் மருந்தை நன்றாகத் தாங்கின. தலைப்புச் செய்தி எழுத இது போதும். ஆனால் அந்த மருந்து மனித எம்சிஎல்-1-ஐப் பிடிக்கும் பிடி, எலியினுடையதைப் பிடிப்பதைவிடச் சுமார் 6 மடங்கு இறுக்கம். எலி தாங்கியதற்கு ஒரு காரணம் மருந்து அதன் உடம்பில் தளர்வாகப் பிடித்ததுதான். அதனால் எலியின் எம்சிஎல்-1-க்குப் பதிலாக மனிதனுடையதையே வைத்து ஒரு புதிய எலி வம்சத்தை உருவாக்கினார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் இந்த எலிகள் மருந்தைக் குறைந்த அளவிலேயே தாங்கின. கட்டிகளும் அதேபோல மருந்துக்குச் சுலபமாக மடிந்தன. சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோதெரபி மருந்தையும் குறைந்த அளவு சேர்த்துக் கொடுத்தபோது கட்டி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. முதல் ஆய்வுக்குக் கிடைத்த தலைப்பில் கால்வாசிகூட இந்த இரண்டாவதுக்குக் கிடைத்து நான் பார்க்கவில்லை.