மாக் டெஸ்ட்டில் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

நீட்டுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, முடிந்த சாயங்காலம் ஒரே கேள்விதான். "எவ்வளவு வந்துச்சு?" 480 என்றால் முகம் சுருங்கும், 560 என்றால் பிரியாணி. அந்த எண்ணோடு அந்த டெஸ்ட்டின் கதை முடிந்தது. முப்பது டெஸ்ட் எழுதியும் மார்க் நகராமல் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன். மூன்று மணி நேரம் எழுதிய தாளைப் பிரித்து மேய நான்கு மணி நேரமாவது வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் டெஸ்ட்டையே விட்டுவிட்டுத் தூங்கலாம், உடம்புக்காவது நல்லது.

எப்படிப் பிரிப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. 'பா' என்றால் பாடமே தெரியாது. 'ம' என்றால் படித்தது மறந்துவிட்டது. 'வா' என்றால் கேள்வியை வாசித்ததில் கோட்டை விட்டது; "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்க, சரியானதைக் குறித்த ரகம். 'க' என்றால் கணக்கில் சறுக்கல். 'ஊ' என்றால் ஊகம். 'சில்லி மிஸ்டேக்' என்ற சொல்லுக்கு இந்த நோட்டில் இடம் கொடுக்கக் கூடாது. தெரிந்த கேள்வி தப்பானால் வரவேண்டிய 4 போகிறது, மேலே 1 கழிகிறது. ஆக 5. அப்படிப் பன்னிரண்டு கேள்வி என்றால் 60 மார்க். இதில் சில்லி எங்கே இருக்கிறது?

'க' எப்படி நடக்கிறது என்று பாருங்கள். செம்புக் கம்பி, நீளம் 1 மீட்டர், குறுக்குப் பரப்பு 2 சதுர மில்லிமீட்டர், மின்தடை எண் 1.7×10⁻⁸. மின்தடை என்ன? மில்லிமீட்டர் என்றதும் கை தானாக 10⁻³ போடும். விடை 8.5×10⁻⁶ என்று வரும். அது ஆப்ஷனிலேயே இருக்கும்! அதைப் பார்த்ததும் மனசு சமாதானமாகிவிடும். பரப்பு என்பதால் 10⁻⁶ போட வேண்டும், சரியான விடை 8.5×10⁻³ ஓம். மாணவர் எங்கே வழுக்குவார் என்று தெரிந்துதான் மற்ற மூன்று ஆப்ஷன்களையும் வைக்கிறார்கள். நோட்டில் "பரப்பு, அலகு" என்று நான்கு முறை வந்துவிட்டால் ஐந்தாம் முறை கை தானாக நிற்கும்.

உயிரியலில் பெரும்பாலும் 'ம' தான். காரணம், எண்கள் ஒன்றோடொன்று கலப்பது. நுரையீரலின் எச்சக் கொள்ளளவு 1100 முதல் 1200 மி.லி. நிமிடத்துக்குச் சிறுநீரகங்கள் வடிகட்டும் ரத்தமும் அதே 1100 முதல் 1200 மி.லி. வெளிச்சுவாச சேமிப்புக் கொள்ளளவு 1000 முதல் 1100. மூன்றையும் தனித்தனி நாளில் படித்தவருக்குத் தேர்வறையில் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்தால் கலக்காது. என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தை ஐந்து முறை படித்தேன் என்பதைவிட, இப்படிக் கலந்த இடங்களைப் பிடித்தேன் என்பதே பெரிது. மொத்தம் 180-இல் 90 கேள்வி உயிரியல், 360 மார்க்.

நெகட்டிவ் மார்க் பயம் தேவைக்கு மேல் ஊட்டப்படுகிறது. ஐந்து ஊகத்தில் ஒன்று சரியானாலே வரவும் செலவும் சமம். இரண்டு ஆப்ஷனை உறுதியாக அடித்துவிட்டால் சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க் லாபம். ஆனால் அந்த 'உறுதியாக' என்ற சொல்லில்தான் சிக்கல். ஊகித்த கேள்விக்கு டெஸ்ட்டின்போதே வினாத்தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு பாடவாரியாக எண்ணிப் பாருங்கள். உயிரியல் ஊகம் பாதி பலித்து, இயற்பியல் ஊகம் பத்தில் ஒன்றுகூடத் தேறாமல் இருக்கலாம். அப்படியென்றால் இயற்பியலில் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். இதை எந்த கோச்சிங் சென்டரும் சொல்ல முடியாது, அவரவர் நோட்டுதான் சொல்லும்.

நேரம். 2025-லிருந்து 180 கேள்விக்கு 180 நிமிடம்தான், பழைய கூடுதல் 20 நிமிடம் கிடையாது. விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க 5 விநாடி என்றால் 180 வட்டத்துக்கு 15 நிமிடம் போய்விடும். ஆகவே உயிரியலுக்கு 45, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று வைத்தால் மிச்சம் 5. ஓஎம்ஆரைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்பது தற்கொலை முயற்சி. ஒரு கேள்வியை விட்டுவிட்டு வட்டத்தை விடாமல் போனால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். பேனா மை, அழிக்க முடியாது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்புங்கள், கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே. வீட்டு டெஸ்ட்டிலும் ஓஎம்ஆர் தாள் வேண்டும், அதுவும் மதியம் 2 முதல் 5 வரை. காலை ஆறு மணிக்குத் தெளிவாக இருக்கிற மூளை, சாப்பிட்டபின் 3 மணிக்கு என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டுமே.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும், முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும். 2018-இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 196 மார்க் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் நம்பி உட்கார முடியாது. பாடப்புத்தகத்துச் சொல்லும் வினாத்தாள் சொல்லும் பல இடங்களில் வேறு. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரைச் சேர்த்தே படியுங்கள். தமிழ் வாக்கியம் இடறினால் ஆங்கில வரிக்குக் கண் உடனே தாவ வேண்டும். அதனால் வந்த தப்புக்கு நோட்டில் ஆறாவதாக 'மொ' என்று போட்டுக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்து, தப்பானவற்றை மட்டும் விடை பார்க்காமல் மறுபடி போடுங்கள். சரியாக வந்ததை அடித்துவிடுங்கள். இரண்டாம் முறையும் தப்பானதுக்குச் சிவப்பு மை. தேர்வுக்கு முந்தைய பத்து நாளும் புது டெஸ்ட், புது மெட்டீரியல் எதுவும் வேண்டாம், இந்தச் சிவப்பு வரிகளும் என்சிஇஆர்டி-யும் போதும். வாட்ஸ்அப்பில் வரும் 'உறுதியாக வரும் 100 கேள்விகள்' பிடிஎஃப்பை அப்பாக்கள் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.