வாடகையை ஏற்றுங்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் வாடகை ஏறுவது புதுச் சேதி இல்லை. 1996இல் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்கா திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், வந்தவர்களுக்குத் தங்க வீடு வேண்டும். வீட்டுக்காரருக்கும் பேங்க் தவணை இருக்கிறது, வீட்டு வரி இருக்கிறது, கூரை ஒழுகினால் செலவு இருக்கிறது. ஏற்றட்டும். எனக்குத் தொகையோடு சண்டை இல்லை. சொல்கிற விதத்தோடுதான்.

நம் ஆட்கள் எப்படிச் சொல்கிறார்கள்? கோயில் திருவிழா அன்னதானத்தில், நாம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளையை வேலியோரம் நிறுத்தி, "அம்மாகிட்ட சொல்லிடு" என்பார்கள். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்தது வாட்ஸ்அப் குரல் பதிவு, ராத்திரி பத்தரைக்கு. முதலில் ஒரு குழந்தை அழுகிறது, அப்புறம் டிவி சத்தம், நடுவில், "தங்கச்சி, எல்லாம் விலை ஏறிப்போச்சு, அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு நூறு சேத்துப் போட்டுடும்மா." கூடவே ஒரு முருகன் படம். அன்றைக்குத் தேதி 27.

அடுத்த மாசம் என்றால் இன்னும் நாலு நாளிலா, அதற்கடுத்த மாசமா? வாடகை ஏறினால் டெபாசிட்டிலும் கூடுதல் கேட்பாரா? எத்தனை நாளைக்கு இந்த விலை, தீபாவளி தாண்டி இன்னொரு நூறா? திருப்பிக் கேட்டால் வருகிற பதில்தான் எனக்கு எரிச்சல்: "என்னம்மா, நமக்குள்ள போயி கணக்குப் பாக்குறே?" கூடுதலாக நூறு வெள்ளி (ரிங்கிட்) கேட்கும்போது கணக்கு, தேதி கேட்டால் மட்டும் உறவு.

இதற்கு ஒரு பழைய காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் பாட்டி காலத்தில் வாடகை என்ற பேச்சே கிடையாது. ரப்பர் தோட்டத்தில் வேலை இருந்தால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு, வேலை போனால் வீடும் போச்சு. வீட்டைப் பற்றி ஆபீசிலிருந்து கடுதாசி வந்து கிராணி (தோட்டக் குமாஸ்தா) படித்துச் சொன்னால், மூட்டை கட்ட வேண்டியதுதான். 1950, 60களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அப்படி வெளியே வந்த குடும்பங்கள் ஏராளம். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கப் போனதே அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். லயத்தை விட்டு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தும் கடுதாசி பயம் நம்மை விடவில்லை. வாயால் சொன்னால் மரியாதை, எழுதிக் கொடுத்தால் பகை. வீட்டுக்காரரும் அதே லயத்தில் பிறந்தவர்தானே, அவருக்கும் அதே கூச்சம்.

ஆனால் நம் நாட்டில் தாள் இல்லாவிட்டால் வேறு பிடிமானம் ரொம்பக் கிடையாது. குடியிருப்பு வாடகைக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி வீடமைப்பு அமைச்சு பல வருடங்களாகப் பேசிவருகிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களுக்கு மட்டும், அதையும் 1997இல் ரத்து செய்துவிட்டார்கள். ஆக, எவ்வளவு ஏற்றலாம், எத்தனை நாள் முன்னே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதில் இடம் இல்லாமல் நடுவில் வாடகையை ஏற்ற முடியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகப் பூட்டை மாற்றி வெளியே தள்ளவும் முடியாது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். வாடகைக் காலம் முறையாக முடிந்த பிறகும் காலி பண்ணாமல் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்லாம் தேதியில் வந்து நிற்கிறது. குரல் பதிவில் அனுப்பிய நேரம் இருக்கும், எந்தத் தேதியிலிருந்து என்பது இருக்காது.

பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்குப் போகவில்லை. "அண்ணே, கேட்டேன். 650 வெள்ளி, எந்த மாசம் 1ஆம் தேதியிலிருந்து? டெபாசிட் பழையபடிதானே?" என்று தட்டி அனுப்பினார். ரெண்டு நாள் நீல டிக் மட்டும். அப்புறம் எழுத்திலேயே பதில் வந்தது, ஏற்றம் ஒரு மாசம் தள்ளித்தான் என்று. இதைக் குரல் பதிவு வாங்கும் எல்லோரும் செய்யலாம், காசு செலவில்லை.

நல்லபடியாகச் செய்தவரையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை லூனாஸில் வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மலாய் சிக்கு (ஆசிரியர்). 'நோட்டிஸ் கெனாய்க்கான் செவா' (வாடகை உயர்வு அறிவிப்பு) என்று தலைப்புப் போட்டு ஒரே பக்கக் கடிதம். வீட்டு முகவரி, இப்போதைய வாடகை 550, புது வாடகை 600, எந்தத் தேதியிலிருந்து, டெபாசிட் மாறாது, வேண்டாம் என்றால் எந்தத் தேதிக்குள் சாவி. ரெண்டு மாசம் முன்பே வந்துவிட்டது. ரெண்டு நகல், ஒன்றில் தங்கை கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் உடனே போடவில்லை. நேரம் இருந்ததால் போய்ப் பேரம் பேசினாள், 590க்கு இறங்கினார். பேனாவால் அடித்துத் திருத்தி, ரெண்டு பேரும் பக்கத்தில் சின்னக் கையெழுத்து. ஹரி ராயாவுக்கு வழக்கம்போல மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறும் வந்தது.

புதுத் தொகைக்குப் புது ஒப்பந்தமே போட்டு முத்திரை வரி கட்டிவிட்டால் இன்னும் நல்லது. மாசம் 600 வெள்ளி வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் வரி 30 வெள்ளியைத் தாண்டாது. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதையும் யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அதற்கு வேறு ஒரு பஞ்சாயத்து வேண்டாம்.

மலாயில் எழுத வராது என்று அண்ணன்மார்கள் சொன்னால், தமிழில் எழுதுங்கள். பிள்ளையின் பள்ளி நோட்டில் கிழித்த தாள் போதும், தேதியும் தொகையும் கையெழுத்தும் இருந்தால் சரி. மாதிரி வேண்டுமென்றால் மெசெஞ்சரில் கேளுங்கள், சிக்குவின் பெயரையும் முகவரியையும் மறைத்து அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.